ஆங்கிலச் சொல்வளம் பெருக...



தேர்வுக்கு முந்தின இரவு நூறு ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதி நெட்டுருச் செய்வோர் உங்களில் பலர். தேர்வு முடிந்த மறுவாரம் அவற்றுள் பத்தாவது நினைவில் நிற்குமா? தமிழ் மட்டுமே பேசும் வீட்டுப் பிள்ளைகள் உடனே, ‘ஆங்கிலம் நமக்கு வராது’ என்று சோர்ந்துவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. உறவுமுறை தெரியாத சொல் மனத்தில் தங்குவதில்லை, அவ்வளவுதான்.

நம் அனகாபுத்தூர்த் தறியிலிருந்தே தொடங்குவோம். இங்கே நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்றது. ‘மெட்ராஸ்’ என்று ஆங்கில அகராதியில் பாருங்கள்; ஊர்ப்பெயராக மட்டுமன்றி, இத்தகைய துணியின் பெயராகவும் இருக்கும். 1996-ல் நகரம் சென்னை ஆயிற்று. துணியின் பெயர் மாறவில்லை. கோழிக்கோடு ‘காலிகோ’வைத் தந்தது, பம்பாயின் டோங்ரி ‘டங்கரீ’யைத் தந்தது.

இனிச் சற்றுக் கடினமான சொற்கள். இலத்தீனில் ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். ‘டெக்ஸ்டைல்’ அதிலிருந்து வந்தது என்பதில் வியப்பில்லை. நீங்கள் படிக்கும் ‘டெக்ஸ்ட்’ புத்தகமும் அதன் உடன்பிறப்பே! சொற்கள் சேர்த்து நெய்யப்பட்ட இடம் ‘கான்டெக்ஸ்ட்’, அதாவது சூழல். உண்மையை மறைக்க முன்னால் நெய்து தொங்கவிட்ட திரை ‘ப்ரீடெக்ஸ்ட்’, அதாவது சாக்கு. (வீட்டுப்பாடம் எழுதாத நாளில் இச்சொல்லின் பொருள் நன்கு விளங்கும்.) நுட்பமானது என்னும் பொருள் தரும் ‘சட்டில்’ கூட, மெல்லிதாக நெய்தது என்ற கருத்தில் பிறந்ததே. அதில் ‘பி’ எழுத்து உண்டு, ஒலி இல்லை, எழுதும்போது விட்டுவிடாதீர்கள்.

தமிழில் மட்டும் என்ன? ‘நூல்’ என்றால் இழையும் உண்டு, புத்தகமும் உண்டு. நன்னூல் இலக்கணம் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் கூறி, புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. ஆகவே ‘டெக்ஸ்ட்’ உங்களுக்கு அந்நியமானதன்று. வேறு தறியில் நெய்தது.

அரிய சொல் கற்றதும் அதைக் கண்ட இடத்திலெல்லாம் செருகாதீர்கள். பெரியம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் ‘ப்ரீடெக்ஸ்ட்’ எதற்கு? வாரம் மூன்று சொல் போதும். பிறப்பு, பொருள், சொந்தமாக ஒரு வாக்கியம் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள்.

விடுமுறைப் பயிற்சி: உயிரியல் பாடத்தில் வரும் ‘டிஷ்யூ’, கை துடைக்கும் ‘டிஷ்யூ’, சேலைக்கடையில் கேட்கும் ‘டிஷ்யூ’ — இம்மூன்றும் ஒரே சொல்லா? அகராதியில் தேடி, பள்ளி திறந்ததும் வந்து சொல்லுங்கள்.