கொடுவாக் குஞ்சு எங்கே போச்சு?



உவர்நீர்க் குளத்தில் ஹாப்பா வலை கட்டி கொடுவாக் குஞ்சு வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எண்ணித்தான் விட்டோம். செத்து மிதந்தது ஒண்ணு ரெண்டுதான். ஆனா பிடிச்சுப் பார்த்தா பாதி இல்ல!" வலையில் ஓட்டை இல்லை, யாரும் திருடவும் இல்லை. காணாமல் போன குஞ்சு கூட இருந்த குஞ்சின் வயிற்றில் இருக்கிறது.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தது. பொரிப்பகத்தில் பிறந்தாலும் அது வேட்டை மீன்தான். இரையை அது மெல்லுவதில்லை. வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு உறிஞ்சி முழுசாக விழுங்கிவிடும். ஆகவே அது எதைத் தின்னும் என்பதை வாயின் அளவுதான் முடிவு செய்கிறது. கழிமுகத்தில் சிறிய கொடுவா பொடி மிதவை உயிரிகளையும் குட்டி இறாலையும் தின்கிறது. வளர வளர இரையும் பெரிதாகிறது.

தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குள்ள குஞ்சைக்கூட கொடுவா விழுங்கிவிடும். 3 செ.மீ. குஞ்சு 2 செ.மீ. குஞ்சை விழுங்கும். 6 செ.மீ. குஞ்சுக்கு 4 செ.மீ. குஞ்சு இரையாகும். ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளும் ஒரே மாதிரி வளராது. முந்திக்கொண்டது மற்றதைத் தின்று இன்னும் வேகமாக வளரும்.

நாம் செய்ய வேண்டியது:

1. 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்துத் தனித்தனி ஹாப்பாவில் விட வேண்டும்.

2. வெயில் ஏறும் முன்பே, குஞ்சைத் தண்ணீரோடு முகந்து பிரிக்க வேண்டும்.

3. பசித்த குஞ்சு பக்கத்துக் குஞ்சைத்தான் பார்க்கும். ஒரே வேளையில் தீனியைக் கொட்டாமல் நாளைக்குப் பல தடவை போடுவோம். தீனித் துகள் குஞ்சின் வாய்க்குள் போகிற அளவில் இருக்கட்டும்.

4. ஹாப்பாவில் நெருக்கமாக விடக்கூடாது.

5. பிரிக்கும்போதெல்லாம் எண்ணி, பதிவேட்டில் எழுதுவோம். எங்கே குறைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இது வேலைதான். ஆனால் கடன் வாங்கி விட்ட குஞ்சு குறைந்தாலும் தவணை குறையாது அல்லவா?

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச ஒரு கேள்வி: 9 செ.மீ. குஞ்சு இருக்கும் ஹாப்பாவில் 5 செ.மீ. குஞ்சை விடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.