சேற்றில் மாட்டிய வண்டி



"என்னத்த மேடம், பொழப்பு ஓடுது. அவ்வளவுதான்." குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சேமிப்பு கட்டுகிறோம், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். போன வருடம் ஒரு குழுவில் தன்னம்பிக்கை பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசுறப்போ நல்லாத்தான் இருக்கு மேடம். வீட்டு வாசப்படிய மிதிச்சா எல்லாம் போயிடுது." அன்று இரவு எங்களுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சேற்றில் மாட்டிய மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். மாட்டை அடித்தால் வண்டி நகராது. மாடு முட்டி போட்டுப் படுத்துவிடும். விவரம் தெரிந்தவர் முதலில் இறங்கி எந்தச் சக்கரம் புதைந்திருக்கிறது என்று பார்ப்பார். நாலு மூட்டையை இறக்குவார், சக்கரத்துக்கு அடியில் கல்லோ வைக்கோலோ போடுவார், அப்புறம்தான் தள்ளச் சொல்வார். "தைரியமா இரு, தைரியமா இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது மாட்டை அடித்த கதைதான்.

அதனால் மறுமாதம் அந்த அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் மனதை அழுத்துவதையெல்லாம் எழுதினோம். வீட்டுக்காரர் குடிக்கிறார். மாமியார் படுத்த படுக்கை. பெண்ணின் சடங்குக்கு பத்து வட்டிக்கு வாங்கிய 5,000 ரூபாய். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியது. பதினான்கு வருடம் முன்னால் நடந்த அந்தத் தோல்வியும் இன்னும் மனதில் கிடக்கிறது பாருங்கள்! "இதுல எது இன்னைக்கு உங்க கைக்கு எட்டும்?" என்று கேட்டோம். ரொம்ப நேரம் தாளையே பார்த்துவிட்டு, வட்டிக்கடன் மேல் விரலை வைத்தார்.

கணக்குப் போட்டோம். பத்து வட்டி என்றால் 5,000 ரூபாய்க்கு மாதம் 500. பதினான்கு மாதமாகக் கட்டியது 7,000 ரூபாய். அசல் அப்படியே 5,000 நிற்கிறது. அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதே 5,000 ரூபாயை நம் குழுவில் உள்கடனாக, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் வாங்கினால்? மாதம் 500 அசலைக் கட்டிக்கொண்டே வர, முதல் மாத வட்டி 100, அடுத்த மாதம் 90, பிறகு 80 என்று குறைந்துகொண்டே வரும். பத்து மாதத்தில் கடனே முடிந்துவிடும். மொத்த வட்டி 550 ரூபாய்தான்.

"ஏங்க்கா குழுவுல கேக்கல?" என்றோம். "ரெண்டு தடவ சந்தா கட்டல மேடம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்குறது? கேட்டாலும் தரமாட்டாங்க." யாரும் அவரிடம் இல்லை என்று சொல்லவில்லை. அவரே கேள்வி கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மனநிலை என்று நாங்கள் சொல்வது இந்த இடத்தைத்தான். வட்டி நிஜம், குடி நிஜம். "தரமாட்டாங்க" என்பது மட்டும் அவர் மனதில் எழுதிக்கொண்ட தீர்ப்பு.

அடுத்த கூட்டத்தில் கேட்டார். குரல் நடுங்கியது. ஒருவர் எதிர்த்துப் பேசினார், வாக்குவாதமும் நடந்தது. பாக்கிச் சந்தாவைச் சேர்த்துக் கட்டினால் தரலாம் என்று தீர்மானம் ஆனது.

தைரியம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கிறோம். ஆனால் பல நேரம் செய்த பிறகுதான் தைரியம் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததை மூத்த உறுப்பினர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கேலிப்பேச்சு இல்லாமலா இருந்திருக்கும்? லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பயம் தெளிந்த பிறகு யாரும் சைக்கிளில் ஏறுவதில்லை. ஒருவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, ஏறி, விழுந்து, முட்டி சிராய்த்துத்தான் பயம் போகிறது. நம் குழு அந்தக் கேரியரைப் பிடிக்கிற கை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடி உதை வாங்கும் பெண்ணிடம் "மனச மாத்திக்கோ" என்று சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181. அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அது சோம்பலும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. சிகிச்சை தேவைப்படுகிற நோயாக இருக்கலாம். 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாக அனுப்பாமல் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள்.

அடுத்த கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளலாம், ஒரு பாரத்துக்கு ஒரு கொட்டை. அதில் எது கைக்கு எட்டும் என்று அவரவரே ஒன்றை மட்டும் எடுக்கட்டும். அடுத்த கூட்டத்துக்குள் அதற்காக என்ன செய்வார், கூட யார் வருவார் என்பதை மட்டும் பேசுங்கள். அறிவுரை வேண்டாம். ஊக்குநர்கள் இதைக் கவனித்துக்கொள்ளவும். பேச விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

அந்த அக்கா இந்த மாதம் ஏழாவது தவணை கட்டினார். வீட்டுக்காரர் குடியை விடவில்லை. மாமியாருக்கு அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் எங்களுக்குப் போன் செய்து, கணக்குப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத எப்போது பணம் கட்ட வேண்டும் என்று கேட்டார்.