தூசு உறிஞ்சியின் கதை

நுழையும்முன்

துடைப்பம் தூசை அகற்றுகிறதா, இடம் மாற்றுகிறதா? இவ்வினாவிற்கு விடை தேடியோர் இருவரைப் பற்றியது இப்பாடம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில், காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் பொறியொன்றைக் கண்டார் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர். கிளம்பிய தூசு மீண்டும் அங்கேயே படிந்தது. ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று அவர் எண்ணினார். உணவகமொன்றின் மெத்தை இருக்கைமீது கைக்குட்டையை விரித்து, அதில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சினார். கைக்குட்டையின் அடிப்புறத்தில் தூசு படிந்திருந்தது. துணி காற்றை விடுத்துத் தூசைத் தடுத்துக்கொண்டது.

1901ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய பொறி மிகப் பெரியது. குதிரைகள் இழுத்துவர, அது தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சாளரம் வழியே வீட்டினுள் செல்லும். வீடுகளுள் பெரும்பாலும் செல்வர் இல்லங்களுக்கே அது பயன்பட்டது.

எளிதில் கையாளத்தக்க பொறியை ஆக்கியவர், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கடையொன்றைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். ஈளைநோயால் வருந்திய அவருக்குத் துடைப்பம் கிளப்பிய தூசு பெருந்துன்பம் தந்தது. 1907ஆம் ஆண்டு மின்விசிறி, பெட்டி, துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்தார். விசிறி சுழல உள்ளே காற்றழுத்தம் குறைந்தது. வெளிக்காற்று தூசுடன் உட்புகுந்தது. கைக்குட்டையின் பணியைத் தலையணை உறை செய்தது. 1908இல் அவர் காப்புரிமை பெற்றார். வில்லியம் ஹூவர் அவ்வுரிமையை வாங்கி, அப்பொறியை இல்லந்தோறும் பரப்பினார்.

பூத்துக்கு வழிகாட்டியது மாற்றுச் சிந்தனை. ஸ்பாங்ளருக்கு வழிகாட்டியது அவர்தம் மூச்சுத்திணறல். தொழிலின் துயரை அறிந்தவரே அதன் தீர்வையும் கண்டார்.

சிந்தனை வினா: நாள்தோறும் தூசிடையே உழைப்போரின் நலங்காக்க நாம் செய்யத்தக்கன யாவை?