புதியவரைத் தனியே விடலாகாது

பினாங்கு தண்ணீர்மலையில் நகரத்தார் 1857ஆம் ஆண்டில் எழுப்பிய முருகன் கோயிலை நாம் அறிவோம். அவர்களுடைய இளைஞர் பலர் தொழில் பழகுவதற்காகவே அந்நாளில் கடல் கடந்து இங்கு வந்தனர். பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, கணக்கு வழக்குக் கற்று, அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்தனர்.

குடும்பத்தைப் பிரிந்த அவ்விளைஞர்க்கு மூன்று துணைகள் இருந்தன.

ஒன்று, தவணை. பெரும்பாலும் மூன்றாண்டு முடிந்ததும் ஊர் திரும்பலாம்.

இரண்டு, கூட்டு வாழ்வு. பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் ஒருங்கே உண்டு உறங்கினர்.

மூன்று, திருவிழா. தாயகத்திலிருந்து 1894இல் வந்த வெள்ளித் தேர் தைப்பூசத்தையொட்டித் தண்ணீர்மலைக்குச் செல்கையில் அனைவரும் கூடினர்.

இன்று நம் தோட்டங்களுக்கும் அயல்நாட்டார் வேலை பழக வருகின்றனர். பால்வெட்டுக் கற்பவர் மரத்தைக் காயப்படுத்திவிட்டால், பெரட்டில் பலர்முன் ஏசுதல் தகாது. மொழியறியாதவர் மேலும் ஒடுங்கிவிடுவார். அருகில் நின்று, கத்தி பிடிக்கும் முறையை மீண்டும் காட்டுதலே நன்று. அவரது பண்டிகையன்று நலம் கேட்போம். வீட்டாருடன் பேச வழிசெய்வோம்.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எவருடனும் பேசாமை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம். சாவைப்பற்றி ஒருவர் பேசுவாராயின், கணமும் தனியே விடாது உடனே உதவி நாடுக.

நம் பாட்டன்மாரும் ஒருநாள் புதியவராகவே இம்மண்ணில் இறங்கினர் என்பதை மறவாதிருப்போமாக.