உதகையின் வானொலித் தொலைநோக்கி

தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் இரவு வேளையில் வடதிசை நோக்கி நிற்போர்க்குத் துருவ மீன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் தோன்றும். தெற்கே செல்லச் செல்ல அவ்வுயரம் குறையும். நீலகிரியில் உதகையை அடுத்த முத்தோரையில் அஃது 11 பாகைக்குச் சற்றே மிகும். இச்சிறு கணக்கை அடிப்படையாகக் கொண்டு அங்கே ஒரு பெருங்கருவி எழுந்தது.

விண்மீன் திரள்கள் ஒளியோடு வானொலி அலைகளையும் வெளிவிடுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வலைகளை ஏற்பதே வானொலித் தொலைநோக்கியின் தொழில். அமெரிக்காவில் அத்துறை பயின்ற கோவிந்த் சுவரூப், 1963-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, ஹோமி பாபா தலைமையிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மிகப் பெரிய கருவியை எத்திசையிலும் திருப்புதல் பெருஞ்செலவு பிடிக்கும். ஆதலின், வடக்கு நோக்கி 11 பாகை உயர்ந்து செல்லும் மலைச்சரிவொன்றை அவரும் துணைவரும் தேடிக் கண்டனர். அச்சரிவில் அமைந்த கருவியின் அச்சு, புவி சுழலும் அச்சுக்கு இணையாயிற்று. அதனை அவ்வச்சில் மெல்லத் திருப்பினாலே போதும். கிழக்கில் எழும் விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அக்கருவி 1970-இல் பணி தொடங்கிற்று. அதன் பரப்பு தகடன்று. 24 சட்டங்களின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகளே.

இது ஏற்கும் அலையின் நீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அலை நீண்டதாயின் காட்சி கலங்கும். அக்குறையைத் தீர்க்கத் திங்களே துணையாயிற்று. பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு விகலை எனப்படும். திங்கள் விண்மீன்களிடையே வினாடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. தொலைவிலுள்ள திரளொன்றைத் திங்களின் விளிம்பு மறைக்கும்போது, அதன் அலை முற்றும் ஓயப் பத்து வினாடி ஆயின், அதன் அகலம் ஏறத்தாழ ஐந்து விகலை எனலாம். புலவர் பாடிய திங்கள் ஈண்டு அளவுகோலும் ஆயிற்று!

அக்காலத்தே அறிஞரிடையே பெருவழக்கொன்று நிகழ்ந்தது. அண்டம் என்றும் ஒரு தன்மைத்தே என்றனர் ஃபிரெட் ஹாய்ல் முதலியோர். ஒரு காலத்தில் தோன்றி விரிந்து மாறி வருவது என்றனர் பிறர். தொலைவிலுள்ளதன் அலை நெடுங்காலம் கழித்தே வந்து சேருமாதலால், தொலைவைக் காண்பது பழமையைக் காண்பதாகும். திங்களின் துணையால் அளந்த நூற்றுக்கணக்கான மூலங்களைச் சுவரூப்பும் விஜய் கபாகியும் 1975-இல் ஆராய்ந்தனர். மங்கியவை, அதாவது பெரும்பாலும் தொலைவிலுள்ளவை, காலத்தோடு மாறியுள்ளன என்று கொண்டாலன்றிக் கணக்கு ஒத்துவரவில்லை. மாறா அண்டம் என்ற கொள்கைக்கு 1965-லேயே வலிய அடி விழுந்திருந்தது. அவ்வாண்டில் பென்சியாசும் வில்சனும் வானெங்கும் பரவியிருந்த பழைய வெப்பத்தின் எச்சத்தைக் கண்டறிந்தனர்.

அவ்வெச்சம் மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளிலேயே மிக்கு விளங்குகிறது. விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த வளிமுகிலும் அவ்வலைகளாலேயே நன்கு தெரியவரும். பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தார் 10.4 மீட்டர் விட்டமுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி ஒன்றை அமைத்தனர். ஆயின் காற்றிலுள்ள நீராவி இவ்வலைகளை விழுங்கிவிடும். முத்தோரையின் நீண்ட அலைகளுக்கு மழைமுகில் தடையன்று. இக்குறு அலைகளுக்கோ ஈரக்காற்றே பகை. அதனாலேயே பல நாட்டார் கூடி, சிலி நாட்டின் அட்டகாமாப் பாலையில், 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஏற்பிகளை நிறுவியுள்ளனர்.