கழிவுக்கும் கணக்கு உண்டு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது.  

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "சம்பளம் வந்து இருபது நாள்கூட ஆகலை பெரியம்மா, கையில ஒண்ணுமில்லை. எங்கே போகுதுன்னே தெரியலை" என்று சொன்னாய். ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் இரவெல்லாம் அதே நினைப்பு. ஒரகடத்துக் கம்பெனியில் நீயும் மாப்பிள்ளையும் ஷிஃப்டுக்குப் போகிறீர்கள். நீ "போதலை" என்று சொல்லவில்லை, "எங்கே போகுதுன்னு தெரியலை" என்றாய். இரண்டும் வேறு வேறு நோய். போதாத வீட்டுக்கு வருமானம்தான் மருந்து. போவது தெரியாத வீட்டுக்குக் கணக்கே மருந்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சின்ன வயதில் லீவுக்கு வந்தால் என்னோடு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே தராசுக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்ப்பாய். நீளத்துக்குப் பாவுப் பட்டு, குறுக்குக்கு ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் நமக்குக் கொடுப்பார்கள். ஜரிகைக்கு மார்க்குக் கணக்கு. ஒரு மார்க்கு என்றால் 240 கிராம் சொச்சம். சேலையை நெய்துகொண்டு போனால் அதையும் எடை போடுவார்கள். வாங்கின எடையும் கொடுத்த எடையும் ஒத்துவர வேண்டும். தாறு சுற்றும்போது அறுந்த இழை, பாவின் கடைசியில் தறியில் மிஞ்சும் துண்டு, இதெல்லாம் கழிவு. இவ்வளவு கழிவு போகலாம் என்று ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் போனால் கூலியில் பிடிப்பார்கள். அதனால்தான் நம் வீட்டில் அறுந்த பட்டு இழையைக்கூட யாரும் பெருக்கித் தள்ளுவதில்லை. ஒரு டப்பாவில் போட்டு வைப்போம்.

சிக்கனம் என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான் கண்ணு. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்வதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். வந்ததை எடை போட வேண்டும், போவதை எடை போட வேண்டும், இடையில் கழிந்தது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாளைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. முதல் மாதம் எந்தச் செலவையும் குறைக்காதே, எழுத மட்டும் செய். அரிசி, காய், பால், காஸ், ரீசார்ஜ், கம்பெனி வாசலில் குடிக்கிற டீ, போனில் தட்டி வரவழைக்கும் சாப்பாடு, ஒன்றையும் விடாதே. பத்து ரூபாயையும் எழுது. போனில் காசு அனுப்பும்போது கைக்குக் கனம் தெரிவதில்லை. நோட்டில் எழுதும்போது தெரியும். மாதக் கடைசியில் மூன்றாகப் பிரித்துக் கூட்டு: இல்லாமல் முடியாதது, இருந்தால் நல்லது, இருந்ததே தெரியாதது. அந்த மூன்றாவதுதான் உன் வீட்டுக் கழிவு. அதில் கை வைத்தாலே போதும், முதல் இரண்டையும் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

கணக்கை நீ மட்டும் எழுதாதே. கோர்வைச் சேலை நெய்யும்போது உன் பெரியப்பா தறியில் உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டும் ஒவ்வொரு ஊடையிலும் கோத்துக்கொண்டால்தான் கோர்வை. ஒரு கை தளர்ந்தால் கரை சுருங்கிவிடும். குடும்பக் கணக்கும் இரண்டு கைப்பட நடக்க வேண்டியது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் இரண்டு பேரும் நோட்டைப் பாருங்கள். யார் அதிகம் செலவு செய்தது என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

அடுத்தது, பணத்தை நாளாகப் பிரிப்பது. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு பாவில் மூன்று சேலை வரும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கூலி சேலையைக் கொடுத்தால்தான் வரும். அன்றைக்குக் கை நிறைய இருக்கும். அந்தக் கூலியை வீட்டுக்குக் கொண்டு வந்ததும், அடுத்த சேலை முடிய எத்தனை நாள் ஆகும் என்று எண்ணி, அத்தனை நாளுக்கு அளவு போட்டு டப்பாக்களில் வைத்துவிடுவேன். அரிசி மளிகைக்கு ஒன்று, வாடகைக்கும் கரண்டுக்கும் ஒன்று, மருந்துக்கு ஒன்று. உன் சம்பளமும் ஒரு பாவு மாதிரிதான். முப்பது நாளுக்கு நீள வேண்டிய நூலை முதல் வாரத்தில் நெய்து முடித்தால், மிச்ச நாள் வெறும் தறியில்தான் உட்கார வேண்டும்.

டப்பா போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கு 1975-இல் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்துக்கொள்வார்கள், அரசாங்கமும் தன் பங்கைப் போடும். எங்கள் வயதுக்காரர்களில் பலருக்குக் கடைசிக் காலத்துக்கென்று கையில் ஒரு தொகை இருப்பது அந்த 8 காசால்தான். கைக்கு வராத காசு செலவாகாது. நீயும் அப்படிச் செய். 15,000 ரூபாய்க்கு 8 காசு வீதம் 1,200. சம்பளம் விழுந்த அன்றைக்கே எடுத்து வைத்துவிடு. மிஞ்சினால் சேமிக்கலாம் என்று நினைத்த யாருக்கும் மிஞ்சினதை நான் பார்த்ததில்லை.

எங்கே போடுவது என்று கேட்பாய். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. தொடங்கலாம். பெண் குழந்தை பிறந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு 250 ரூபாயில் தொடங்கலாம். கம்பெனியில் உன் பங்காகப் பிடிக்கும் பி.எஃப். பணத்தை வேலை மாறும்போது எடுத்துச் செலவழிக்காதே. புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொள். மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். எனக்கு அதில் மாதம் வரும் ஆயிரத்தை அப்படியே ஆர்.டி.யில் போட்டுவிடுகிறேன்.

ஏலச்சீட்டு விஷயத்தில் நான் பட்டதை உனக்குச் சொல்லியதில்லை. தெரிந்தவர், நல்லவர் என்று நம்பி, பதிவு இல்லாத சீட்டில் பதினாறு மாதம் கட்டினேன். ஒரு நாள் காலையில் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. உன் அக்காவின் காலேஜ் பணம் அது. கையில் ரசீதுகூட இல்லை. சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, பதிவு செய்துதான் நடத்த வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பதிவு எண்ணைக் கேட்டு, ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வாங்காமல் யார் சீட்டிலும் சேராதே. கேட்டதும் முகம் சுளிக்கிறவர் பக்கமே போகாதே.

இனி அடுப்படி. ரேஷன் அரிசியை வாங்க வெட்கப்படாதே. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் தருகிறார்கள். சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லிக்கும் தோசைக்கும் போடு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது வெளிக்கடை விலையோடு பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதிப் பார். புதுக் குடித்தனம் போனதும் கார்டுக்கு எழுதிப் போட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். காஸும் மிச்சமாக, பருப்பை ஊறவைத்து வேகவை, கொதி வந்ததும் தீயைக் குறை, பாத்திரத்தை மூடிவை. சிலிண்டர் மாட்டிய தேதியை நோட்டில் குறித்துக்கொள். எத்தனை நாள் வந்தது என்று தெரிந்தால் அடுத்த சிலிண்டர் தானாக நாலு நாள் கூட வரும்.

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி உனக்குப் பிடிக்குமே. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, சுக்கு, மிளகு, சீரகம், நெய் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. மறுநாளும் கெடாது. வீணாகாமல் சமைப்பது என்பதை அந்த மடைப்பள்ளியில் கற்றுக்கொள்ளலாம். குப்பைக்குப் போகிற சோறும் காயும்தான் வீட்டிலேயே விலை அதிகமான பொருள். வாங்கின காசு, சமைத்த காஸ், உன் உழைப்பு மூன்றும் சேர்ந்து அதில் போகிறது. இரவு ஷிஃப்ட் நாளில் பசியோடு வந்து போனில் சாப்பாடு வரவழைக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் களைப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் செய்து வைத்துக்கொள். பாதி நாள் அதிலேயே ஓடிவிடும்.

கரண்டு பில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்ததுதான். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 500-க்கு மேல் உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101-இலிருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடும். அதனால் நாற்பதாம் நாள் மீட்டரைப் பார்த்துவிடு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 35 வாட்டுக்குள் ஓடும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 24 யூனிட் மிச்சம். தறி ஓட்டுகிற எங்களுக்கு 2023 முதல் 300 யூனிட் வரை இலவசம். அதனால் இந்த அக்கறை வேண்டாம் என்று நாங்கள் இருந்துவிடவில்லை.

மழைக்கு வைக்கும் பணம் தனி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் தெருவுக்கே பயம். தெருவில் பாவு விரிக்க முடியாது, ஈரத்தில் இழை ஒட்டும், குழித்தறியில் தண்ணீர் ஊறிவிடும். 2015-இல் பெய்த மழையில் கால் வைக்கும் குழியிலிருந்து வாளி வாளியாக இறைத்தோம். அத்தனை நாளும் கூலி இல்லை. அப்போது மழை டப்பாவில் இரண்டு மாதச் செலவுக்கு இருந்ததால் யார் வாசலிலும் நிற்கவில்லை. உனக்கு மழை வேறு உருவத்தில் வரும். கம்பெனியில் ஆள் குறைப்பு வரலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். மூன்று மாதச் செலவுத் தொகை சேரும்வரை வேறு எதற்கும் ஆசைப்படாதே. சேர்ந்த பிறகு அதைத் தொடாதே.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கூலிக்கு நெய்கிறவர்கள் கல்யாணம், வைத்தியம் என்று நெய்யக் கொடுக்கிறவரிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். வாங்கியது தீரும்வரை வேறு இடத்தில் கூலி அதிகம் கிடைத்தாலும் போக முடியாது. கடனில் வட்டியைவிடக் கொடியது இந்தக் கட்டுதான். போனுக்கும் டிவிக்கும் வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். அதுவும் நாளைய கூலியை இன்றைக்கே ஒருவரிடம் எழுதிக் கொடுப்பதுதான். பழையது ஓடுகிறவரை ஓடட்டும். தவணைத் தொகையை உனக்கு நீயே மாதாமாதம் கட்டு. சேர்ந்ததும் முழுப் பணம் கொடுத்து வாங்கு.

அடுத்த வருடம் உன் நாத்தனார் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும் என்றாய். கணக்குக்காகப் பத்துப் பேருக்குப் பத்துச் சேலை எடுக்காதே. பெண்ணுக்கு ஒன்று நல்லதாக எடு. சில்க் மார்க் முத்திரையைப் பார், ஜரிகை வெள்ளி ஜரிகையா என்று கேள், பில் வாங்கு. கோ-ஆப்டெக்ஸில் மாதத் தவணையில் சேமித்துத் துணி எடுக்கும் திட்டம் இருக்கிறது, விசாரி. உன் பட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று, சென்டை ஜரிகை மேல் அடிக்காதே. என் அம்மாவின் முகூர்த்தப் பட்டை உன் அக்கா இன்றைக்கும் கட்டுகிறாள். அதைவிடச் சிக்கனமான துணி எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. சில இடங்களில் கையை இறுக்கக் கூடாது. பாலும் முட்டையும் காயும் குறையக் கூடாது. வைத்தியத்தைத் தள்ளிப் போடக் கூடாது. பிள்ளை படிப்பில் பிடிக்கக் கூடாது. கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்காதே. நாங்கள் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்ததை, "இவ்வளவா?" என்று கேட்டு விலை குறைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிச்சம் பிடித்த காசு எங்கள் டப்பாவிலிருந்து போன காசு. இன்னொருவர் கூலியில் கை வைத்து வருவதைச் சிக்கனம் என்று சொல்லாதே.

அத்தி வரதர் நாற்பது வருடத்துக்கு ஒருமுறைதான் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து எழுந்தருள்வார். 1979-இல் நான் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 2019-இல் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், கூட்டத்தில் உனக்கு மூச்சு முட்டியது. மறுபடி 2059-இல். அந்த நாற்பது வருடமும் மாதம் ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தால், வட்டியை விட்டுவிட்டாலும் 4,80,000 ரூபாய். அன்றைக்கு நீ உன் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பாய். யாரிடமும் கை நீட்டாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள். வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. தராசில் வைப்பதுபோல் ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா