18க்கு 18: சமமாய் முடிந்த ஒரு தேர்தல்

இம்முறை நாம் படிக்கப் போவது மேற்கிந்தியத் தீவு நாடான திரினிடாட் டொபேகோவில் நடந்த ஒரு தேர்தலைப் பற்றி. பிரயன் லாராவின் நாடு என்றால் பையன்களுக்கு உடனே விளங்கும்.

நம் பாட்டன் பூட்டன்மார் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இங்கே வந்த மாதிரி, 1845 முதல் 1917 வரை 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாய் அங்கே கப்பலேற்றினார்கள். அநேகம்பேர் போனது கரும்புத் தோட்டத்துக்கு. கரும்புத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த பாஸ்தியோ பாண்டே 1995இல் பிரதமரானார். இந்திய வம்சாவளியில் அங்கே முதல் பிரதமர் அவர்தான்.

2001இல் அவருடைய மந்திரிமார் மூவர் பிரிந்துபோக, பெரும்பான்மை ஆட்டங்கண்டது. டிசம்பர் 10ஆம் திகதி பொதுத் தேர்தல் வந்தது. மொத்தம் 36 ஆசனம், ஆட்சிக்கு 19 வேண்டும். எண்ணிப் பார்த்தால் பாண்டேயின் ஐக்கிய தேசிய காங்கிரசுக்கு 18, பட்ரிக் மானிங்கின் மக்கள் தேசிய இயக்கத்துக்கும் 18!

மொத்த வாக்கில் பாண்டே கட்சிதான் முந்தி. ஆனால் அங்கே நம் நாட்டு விகிதாசார முறை இல்லை, தொகுதிக் கணக்கு. இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் பாண்டே பக்கம், ஆபிரிக்க வம்சாவளியினர் பெரும்பாலும் மானிங் பக்கம் என்பதால் அநேக தொகுதியில் முடிவு முன்பே தெரிஞ்சதுதான். உண்மையான போட்டி சில தொகுதிகளில் மட்டும்.

அப்போ யார் பிரதமர்? ஜனாதிபதி தீர்மானிக்கட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். டிசம்பர் 24ஆம் திகதி ஜனாதிபதி ரொபின்சன் மானிங்கை நியமித்ததும் பாண்டே அதை ஏற்கவில்லை. முதலில் ஒத்துக்கொண்டுவிட்டுப் பிறகு மறுத்தது நமக்குச் சரியாய்ப் படவில்லை.

2002 ஏப்ரலில் பாராளுமன்றம் கூடியது. முதல் வேலை சபாநாயகரைத் தெரிவு செய்வது. தன் ஆளை அந்த நாற்காலியில் வைத்தால் தன் பக்கம் ஒரு வாக்குக் குறையும். வெளியிலிருந்து சொன்ன பெயர்களுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சபாநாயகர் இல்லாமல் சபை நடக்காது; சபை நடக்காமல் சட்டமோ வரவு செலவுத் திட்டமோ நிறைவேறாது. பெரட்டுக்கு ஆள் வந்தும் பேர் போட யாரும் இல்லாத கதைதான்.

ஒக்டோபர் 7ஆம் திகதி மறுபடி தேர்தல். மானிங்குக்கு 20, பாண்டேக்கு 16. இரண்டே ஆசனம் கைமாறியது. 2003இல் மானிங் அரசு, நட்டத்தில் ஓடிய அரசாங்கச் சீனிக் கம்பனியின் தொழிலாளர் ஏறத்தாழ 9 ஆயிரம் பேரை விலகல் பணம் கொடுத்து அனுப்பியது. பாண்டே வந்திருந்தால் கம்பனி தப்பியிருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது, நட்டம் யாருக்கும் நட்டம்தான். ஆனால் கணக்கு முடிக்கிற நேரம் பேசக்கூடிய சங்கத்துக்காரர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார்.

2007 தேர்தலுக்குள் ஆசனத்தை 41 ஆக்கிவிட்டார்கள். ஒற்றை எண்.